பெரியம்மாவின் தட்டு

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் அலுமினியத் தட்டு தனியே இருந்தது. காசநோய் கண்ட பெரியம்மாவுக்கென ஒதுக்கியது. சிறுவர்களாகிய நாங்கள் அதைத் தொட்டால் அடி விழும். சளியில் கிருமி இல்லையென மருத்துவர் கூறிய பின்னும், ஞாயிறு பூசைக்கு அவரோடு ஒரே பலகையில் அமர எங்களில் ஒருவரும் துணியவில்லை.

இந்நோய் குடும்பத்துள் எவ்வாறு பரவுகிறதென முறையாக ஆராய்ந்த இடமோ எங்களுக்குச் சில கல் தொலைவில், சேத்துப்பட்டில்தான் இருந்தது. 1956இல் அங்கே தோன்றிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே. இரு சாராருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். அவர்களுடைய குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் விடாது பரிசோதித்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பங்களில் நோய் கூடுதலாகத் தோன்றவில்லை! தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுமுன்னரே, வெறும் இருமல் என்று எண்ணியிருந்த நாட்களில், காற்றின் வழியே நேர்ந்துவிட்டிருந்தது.

அந்நாட்களில் நாங்கள் பெரியம்மாவின் பாயில் படுத்துக் கதை கேட்டோம். மருந்து தொடங்கிய பின்னரே அஞ்சினோம்.

ஐந்தாண்டு முடிவுகள் அச்சேறியது 1966இல். பெரியம்மா நோயுற்றது 1973இல். குணமடைந்து பல்லாண்டு வாழ்ந்தார். இறுதிவரை அத்தட்டிலேயே உண்டார். ஏனென்று எங்களை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.