அடுப்பு எரிய அரிசி மட்டும் போதாது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

"டீச்சர், ரிட்டயர்டு ஆகி இத்தனை வருஷம் ஆச்சே, வீட்டில் என்னதான் செய்றீங்க?" என்று போன வாரம் ஒரு கல்யாணத்தில் நம் 1994 பேட்ச் பிள்ளைகள் கேட்டார்கள். கேரியர் கட்டுகிறேன் என்றேன். சிரித்தார்கள். நிஜமாகவே அதைத்தான் செய்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, நெடுஞ்சாலையில் மூட்டையும் பிள்ளையுமாக நடந்து போனவர்களுக்குத் தெருவிலே நாலு வீடு சேர்ந்து பொட்டலம் கட்டினோம். ஊரடங்கு முடிந்தது, நடந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அடுப்பை அணைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கவனத்துக்கு வந்தது. பொட்டலம் வாங்கியவர்களில் பதினோரு பேர் நடந்து போகிறவர்களே இல்லை. நம் தெருக்காரர்கள். தனியாக இருக்கிற வயசானவர்கள். இன்று அது 26 பேர்.

"ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிற நாட்டில் பட்டினியா?" என்று நீங்கள் கேட்கலாம். என் தம்பியே கேட்டான். நம் மாநிலத்தில் 2011-லிருந்து ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. எல்லாம் சரி. ஆனால் அந்த அரிசியைக் கடையிலிருந்து யார் தூக்கி வருவது? கண்புரை வந்த கண்ணோடு கல் பொறுக்கி, களைந்து, உலை வைத்து, நடுங்குகிற கையால் கஞ்சி வடிப்பது யார்? ஒருவருக்காகக் குழம்பு வைக்க மனசு வருமா? நாங்கள் பார்த்த வீடுகளில் அரிசி இருந்தது, வண்டு பிடித்து. பாட்டி டீயில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு "ஆச்சும்மா, சாப்ட்டேன்" என்பார். இந்தப் பசி எந்தக் கணக்கிலும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இது பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

இது ஒன்றும் புதுசும் இல்லை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வடலூரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1867 மே 23-ல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நிலம் கொடுத்தது அரசர் இல்லை, பார்வதிபுரத்து ஊர்மக்கள். 1956-ல் காமராசர் ஐயா பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்த்தார். செலவில் ஒரு பங்கை ஊரே ஏற்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு. நான் அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவள். மக்காச்சோள மாவு உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது (பிடிக்காது, ஆனால் தட்டை வழித்துத்தான் வைப்பேன்). 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அடுத்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மதியம் வரிசையில் நிற்கிற உங்கள் முகங்களைப் பார்த்தே, காலையில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கண்டுபிடித்துவிடுவோம். 2022-லிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு ஒரு வழி பிறந்தது. வயசானவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள்?

எங்கள் சமையல் எளிமையானது. மூன்று கிலோ அரிசி, முக்கால் கிலோ துவரம்பருப்பு, ஒரு பொரியல், மோர். ஒரு நாளைக்கு 1,100 ரூபாய்க்குள் முடித்துவிடுவோம். காரம் குறைவு, காய் குழைய வேகணும், ஏனென்றால் பாதிப் பேருக்குப் பல் இல்லை. பதினொன்றரைக்கு இறக்கி, பன்னிரண்டரைக்குள் எல்லாக் கேரியரும் வீடு சேர்ந்துவிடும். வெயில் காலத்தில் சாம்பார் சாதத்தை நம்ப முடியாது. மண்டபங்களில் மிஞ்சியதைக் கொடுக்கிறோம் என்று நல்ல மனதோடு நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். மூன்று மணிக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். வயசான வயிறு, ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலே படுத்துவிடும். பந்தி முடியும் முன்பே, கரண்டி படாத பாத்திரத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், ஓடி வருகிறோம்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன தை மாதம் ஒருவர் தன் மகன் பிறந்தநாளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர். கேரியர் கொடுக்கக் கூடவே வந்தார். ஒரு அம்மாவின் வாசலில் நின்று படம் எடுத்து, கேக் படத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டார். இரண்டே நாளில் அது திருப்பூரில் இருக்கிற அந்த அம்மாவின் மகன் கைபேசிக்குப் போய்விட்டது. அவன் ஊருக்கு வந்து, "என்னை ஊர் சிரிக்க வெச்சிட்டியே" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். மறுநாள் அந்த அம்மா கேரியரைக் கழுவித் துடைத்து, புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பசிக்கல டீச்சர். நீங்க சிரமப்பட வேணாம்."

மகன் இருக்கிறான் என்ற காரணத்தால் முதியோர் உதவித்தொகையும் அவருக்கு இல்லை. மகன் மோசமானவனும் இல்லை. பனியன் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறான், வாடகை, பிள்ளைகள் படிப்பு. அவனுக்கு வலித்தது அவமானம். அந்த அம்மாவுக்கும் அதேதான். நான் இரண்டு தடவை போய்ப் பேசினேன். மோர் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பி வைத்தார். பன்னிரண்டு நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

மூன்றாவது தடவை போனது நான் இல்லை. எங்களுக்குச் சமைக்கிற அக்கா. அவருக்கு என்னைப் போல நயமாகப் பேசத் தெரியாது. "சின்ன வெங்காயம் உரிக்க ஆளில்ல. டீச்சர் உரிச்சா தோலோட போட்டுடறாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு வா, கத்தி நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எட்டு மணிக்கு அல்ல, ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். இப்போது தினமும் வருகிறார். வெங்காயம், முருங்கைக்கீரை, அரிசி புடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. உப்பு கூடினால் எங்கள் அத்தனை பேருக்கும் திட்டு விழும். வேலை முடிந்ததும் தன் கேரியரைத் தானே நிரப்பி எடுத்துப் போகிறார். அது இப்போது அவருடைய கூலி. மகன் இன்னும் எங்களோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறோம். வாங்குகிறவர் படம் எங்கேயும் வரக்கூடாது. அப்படிச் சொன்னதும் இரண்டு பேர் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். மாதத்தில் இரண்டு நாள் குறைந்தது. பரவாயில்லை, அந்த இரண்டு நாளும் ரசமும் துவையலுமாக ஓட்டுகிறோம். படம் வேண்டுமென்றால் வெந்த சோற்றை எடுங்கள், பானையை எடுங்கள், கரி படிந்த என் கையை எடுங்கள்.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிற என் பிள்ளைகளே, "ஜிபே நம்பர் போடுங்க டீச்சர்" என்று கீழே எழுதுவீர்கள் என்று தெரியும். பொதுவில் போட மாட்டேன், தனியாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊர் வீட்டுக்கு இன்று ஒரு போன் போட்டு, "மதியம் என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். "சாப்ட்டாச்சு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். என்ன குழம்பு, என்ன காய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு: செவ்வாயும் வெள்ளியும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு கேரியர் கொண்டு போக ஆள் இல்லை. டூவீலர் இருக்கிற யாராவது பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் சொல்லுங்கள். கேட் போட்டால் சோறு ஆறிவிடுகிறது, அதனால் 12:10-க்குள் தாண்டிவிட வேண்டும்.