ஐந்து பேர்

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் பெங்களூரில் ஒரு கிளிக்கைக் குறைத்தவனுக்குத்தான் கைதட்டு. ஆள் யோசிப்பதற்குள் காரியம் முடிந்துவிட வேண்டும். நானும் பல வருஷம் அந்த மதத்தில்தான் இருந்தேன்.

2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இங்கிருந்து குவாஹாட்டி ரயில்களில் முண்டியடித்து ஏறினார்கள். ஓட்டலில் பரிமாறியவர்கள், வாசலில் காவல் இருந்தவர்கள், கல்லூரி மாணவர்கள். தாக்கப்போகிறார்கள் என்று பரவிய வதந்திதான் காரணம். மத்திய அரசு 15 நாட்களுக்கு, ஐந்து பேருக்கு மேல் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பத் தடை போட்டது. ‘கணினி தெரியாத யாரோ யோசித்தது’ என்று அலுவலகத்தில் சிரித்தோம்.

2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி என் தமிழ்நாட்டு நம்பர் பைக்கைத் தன் கேட்டுக்குள் தள்ளிவைக்கச் சொல்லி, மேலே பழைய சேலை ஒன்றையும் போர்த்தினார். இரவெல்லாம் போனில் காணொளிகள்: இங்கே தமிழனுக்கு அடி, அங்கே கன்னடருக்கு அடி. அதில் ஒன்றை நான் ஒன்பது குழுக்களுக்குத் தள்ளினேன். ஒரே தட்டு. பைக் அப்போதும் அந்தச் சேலைக்கடியில்தான் நின்றது.

2018 மே மாதம் சாமராஜப்பேட்டையில், வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி, பிள்ளை பிடிப்பவன் என்று சந்தேகித்து, ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞரை அடித்தே கொன்றார்கள். ஜூலையில் பீதர் பக்கம் ஒரு மென்பொறியாளர். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. படத்துக்குப் பக்கத்திலிருந்த, உடனே அனுப்பிவிடும் அம்புக்குறியையும் எடுத்தது. நாங்கள் சிரித்த அதே ஐந்து! 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்ததை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியதும், அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. நிறுவனக் கணக்கை நான் அப்படியே விழுங்குவதில்லை. ஆனால் விரலின் சோம்பேறித்தனத்தை நம்புகிறேன். இதயக் குறிகளையும் ‘அன்பாகப் பேசுங்கள்’ அறிவிப்புகளையும்விட அதை அதிகம் நம்புகிறேன்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் அப்பாவுக்கு இந்த ஐந்தின் மேல் இன்னும் கோபம். பயமுறுத்தும் செய்தி வந்தால் ஐந்து பேருக்கு அனுப்பிவிட்டு, “போதும்டா, கை வலிக்குது” என்று போனை வைத்துவிடுகிறார். காலை வணக்கப் பிள்ளையார் படத்துக்கு மட்டும் பத்து நடை போகிறார்.