வயலைக் கொளுத்திய காட்சி

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லார்' 2014 நவம்பரில் வந்தது. 2025 பிப்ரவரியில் இந்தியாவில் மறுபடி திரையிட்டபோதும் அரங்குகள் நிறைந்தன. பார்த்தவர்கள் பேசியதெல்லாம் வானத்தைப் பற்றி: கருந்துளை, புழுத்துளை, ஒரு மணி நேரம் பூமியின் ஏழு ஆண்டுகளாகிவிடும் கிரகம். ஆனால் படம் தொடங்குவது வயலில். கோதுமை நோயில் போய்விட்டது, வெண்டைக்கு இதுதான் கடைசி அறுவடை, மிஞ்சியிருப்பது மக்காச்சோளம் ஒன்றுதான், அதுவும் நிற்காது என்கிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா என்று காத்திருந்து, திறக்காத வருடம் குறுவையைக் கைவிட்டுப் பழகிய தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் யாருக்கும் இந்தப் பகுதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. படத்தின் மேதைமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வானத்தை அவ்வளவு பொறுப்போடு கற்பனை செய்தவர்கள் வயலைக் கற்பனையே செய்யவில்லை என்பதுதான் என் வழக்கு.

படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தார்ன், 2017-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் எழுதிக்கொடுத்த சமன்பாடுகளைக் கொண்டுதான் கருந்துளையைக் கணினியில் உருவாக்கினார்கள். அந்த வேலையிலிருந்து 2015-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. பயிர்நோயைப் பற்றியும் அவர்கள் விசாரிக்காமல் இல்லை. கால்டெக் உயிரியலாளர்களோடு உட்கார்ந்து பேசியதைத் தார்ன் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எல்லாப் பயிரையும் ஒருசேரக் கொல்லும் நோய் வர வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் முடியவே முடியாது என்று சொல்ல இயலாது என்பது அவர்கள் கருத்து. ஆக, இப்படி ஒரு நோய் வருமா என்று கேட்டார்கள். வந்தால் விதை ஆராய்ச்சி செய்கிறவர் என்ன செய்வார், உழவர் என்ன செய்வார் என்ற கேள்வி திரைக்கு வரவே இல்லை. படத்தின் தொடக்கத்தில் முதியவர்கள் புழுதியைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்களே, அவர்களில் பலர் 1930-களின் அமெரிக்கப் புழுதிப்புயல்களை நேரில் கண்டவர்கள். கென் பர்ன்ஸின் 2012 ஆவணப்படத்திலிருந்து எடுத்த பேட்டிகள் அவை. அந்தப் புழுதிக்குக் காரணம் இருந்தது. வறட்சியோடு, புல்வெளிகளைக் கண்மண் தெரியாமல் உழுதுபோட்டதும் சேர்ந்துகொண்டது. மாற்றும் இருந்தது. 1935-ல் மண் பாதுகாப்புக்கென்று அரசுத் துறையே அமைத்தார்கள். காற்றைத் தடுக்க மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். நோலன் புழுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். காரணமும் மாற்றும் படத்துக்குள் வரவில்லை. அதனால் பூமியின் சாவு தலைவிதியாகிவிடுகிறது.

பயிர்நோயையும் பூச்சியையும் தலைவிதி என்று காவிரி டெல்டா ஒருநாளும் விட்டதில்லை. புகையான் விழுந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைப் பயிருக்கு நடுவே வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீயில் வாட்டியதுபோல் நிற்கும். தூரை விலக்கினால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டோடு அப்பிக்கொண்டு பழுப்புப் பூச்சிகள் இருக்கும். படத்தில் வரும் நோய் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சுவாசித்துப் பெருகுகிறது. இங்கே தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போட்ட வயலில் புகையான் பெருகுகிறது. கண்ட மருந்தை அடித்துச் சிலந்திகளைக் கொன்றுவிட்டால் இன்னும் பெருகும். இதெல்லாம் கண்டறியப்பட்டு, யூரியாவைக் குறை, எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடு, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டு என்று உழவர் காதுவரை வந்து சேர்ந்திருக்கிறது. புது விதைகளும் வந்தன. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய ரகம் ஒன்றை நம் ஜி.இ.பி. 24-உடன் ஒட்டுச்சேர்த்து, 1960-களில் குறுவைக்கென்று ஆடுதுறை 27-ஐத் தந்தது.

அறிவியல் புனைவுக்கே உரிய அதிசயம் ஒன்று வேண்டுமென்றால் சி.ஆர். 1009 சப் 1 என்ற சம்பா நெல்லைப் பார்க்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் வடிகால் நிரம்பி வயல் மூழ்கும்போது, சாதாரண இளம்பயிர் மூச்சுக்காக மேலே மேலே நீண்டு, சேமிப்பையெல்லாம் செலவழித்துச் சாகும். இந்த நெல் வளர்ச்சியை நிறுத்திவிடும். ஏறத்தாழ இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் சும்மா இருந்து, வெள்ளம் வடிந்தபிறகு மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்தைக் கொடுத்தது ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு ரகம். இன்டர்ஸ்டெல்லாரில் விண்வெளி வீரர்கள் நீர் நிரம்பிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் தூங்கி எழுவதை வாயைப் பிளந்து பார்க்கிறோம். அதே வேலையை ஒரு நாற்று வரப்புக்கு இந்தப்பக்கம் செய்துகொண்டிருக்கிறது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் படத்தின் ஒரு காட்சி தாங்கமுடியாததாகிறது. படத்தின் நாயகன் கூப்பரின் மகன் டாம் ஊரைவிட்டுப் போகாமல் நிலத்தோடு இருக்கிறான். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவன். மனைவியும் மிச்சமிருக்கும் பிள்ளையும் புழுதியில் இருமுகிறார்கள். அவனை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த, தங்கை மர்ஃப் அவனுடைய மக்காச்சோளத்துக்குத் தீ வைக்கிறாள். நிற்கிற பயிர்! படம் நம்மை அவள் பக்கம் நிறுத்துகிறது, நாமும் நிற்கிறோம். அவள் வானத்தின் புதிரை விடுவிக்க வேண்டியவள், அவன் பிடிவாதக்காரன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படத்தில், நிலத்தில் தங்கியவனுக்கு ஒரு யோசனைகூட, ஒரு புதுவிதைகூடக் கொடுக்கப்படவில்லை. அறிவு இருக்கிறவர்கள் எல்லாரும் ராக்கெட் பக்கம். இதில் எனக்கு உண்மையான வருத்தம்.

இது கதை, பயணத்தைத் தொடங்கி வைக்கத்தானே நோய் வந்தது என்பார்கள். சரி. ஆனால் கருந்துளையும் கதைக்குத்தான் வந்தது. அதற்கு ஆய்வுக் கட்டுரை அளவுக்கு உழைத்தார்களே. வானத்தை நோக்குவது மண்ணுக்கும் நல்லது என்பது இன்னொரு வாதம். அதை மறுக்கமாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வருவதைச் செயற்கைக்கோள்கள் முன்னரே காட்டியதால்தான் கடலோர மக்களை முகாம்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளைக் காப்பாற்ற எந்தச் செயற்கைக்கோளாலும் முடியவில்லை. அதற்குப்பின் எதை நடுவது என்ற கேள்விக்கு விடை மண்ணில்தான் தேடவேண்டியிருந்தது.

மூன்றாவது வாதம் வலுவானது. பொறியாளனான கூப்பர் விருப்பமில்லாமல் விவசாயம் செய்கிறான். டெல்டாவில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போன பிள்ளைகளின் மனசை அவன் பேசுகிறான். உண்மைதான், அவர்கள் போனது தப்பே இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடங்களில் குடும்பத்தைத் தாங்கியது அவர்கள் அனுப்பிய பணம். ஆனால் போகிறவனுக்குத்தான் மூளை, இருக்கிறவனுக்குப் பிடிவாதம் மட்டும் என்ற பாகுபாட்டை ஏற்கமாட்டேன். ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட 'நெல்' ஜெயராமன் ஊரிலேயே இருந்தவர்.

தமிழில் அறிவியல் படம் புதிதல்ல. 1963-லேயே எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் நம் கலையைத் தேடி வந்தார்கள். 'எந்திரன்' வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா வளர்ந்தது காவிரிக்கரையில், ஸ்ரீரங்கத்தில். 'அயலான்' 2024 பொங்கலுக்கு வேற்றுக்கிரகவாசியையே இறக்கியது. இனி இந்த வகைப் படம் எடுக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் ஆடுதுறை ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருநாள் இருங்கள். பிறகு கடலோரம் போய், உப்பேறிய நிலத்தில் குழியடிச்சான் விதைக்கிறவர்களோடு பேசுங்கள். படத்தின் கதாநாயகனை அவர்களிடமிருந்து எடுங்கள்.