முகத்தின் விலை

அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டக்காரர் 1994-ஆம் ஆண்டில் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி எம் கல்லூரி நூல்நிலையத்தில் முதன்முதல் படித்தபோது எமக்குச் சினமே உண்டாயிற்று. பந்தடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டுவோர்க்கும் வேலைநிறுத்தமோ என எள்ளினோம். மேலும் படிக்கப் படிக்க எம் கருத்து மாறியது. அது மாறிய வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

ஆட்டக்காரனுக்கு வருவாய் இருவழியாய் வரும். ஒன்று, குழுவின் முதலாளி தரும் சம்பளம். மற்றொன்று, தன் முகத்தையும் பெயரையும் விளம்பரத்திற்குத் தந்து பெறும் பொருள். காலணி விற்போரும் பானம் விற்போரும் விலைகொடுத்து வாங்குவது அவன் கைத்திறனை மட்டும் அன்று. மக்கள் அவன்பால் வைத்த அன்பையும் ஆம்.

அம்முகமே ஆட்டக்காரர் சங்கத்திற்கும் முதலாயிற்று என்பது வியப்பிற்குரியது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியல் அறிஞராய் இருந்த மார்வின் மில்லர் 1966-இல் இச்சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது கையிருப்பு மிகச் சிறிது. கோக்கா கோலாப் புட்டிகளின் மூடிக்குள் ஆட்டக்காரர் படங்களை அச்சிட இசைந்து பெற்ற தொகையே சங்கத்தை நிலைநிறுத்தியது. பிற்காலத்தும் பட அட்டை முதலியவற்றால் வந்த உரிமைப் பணத்தைச் சேர்த்துவைத்தே சங்கத்தார் போராட்டத்திற்கு ஆயத்தமாயினர்.

1994-இல் முதலாளிகள் சம்பளத்திற்கு மேல்வரம்பு கட்ட விரும்பினர், ஆட்டக்காரர் உடன்பட்டிலர். ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆட்டம் நின்றது. 1905 முதல் ஆண்டுதோறும் நிகழ்ந்துவந்த உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியும் செப்டம்பர் 14-ஆம் நாள் கைவிடப்பட்டது. 1995 ஏப்ரல் 2-ஆம் நாள் வேலைநிறுத்தம் முடிவுற்றது. மக்களின் சினமோ முடிவுறவில்லை. அவ்வாண்டு அரங்குகளில் கூட்டம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. முன்னரே தளர்ந்திருந்த பட அட்டை வாணிகம் பின்னும் தளர்ந்தது. ஆடாதவன் முகம் மக்கள் கண்ணிற் படாது. வெறுக்கப்பட்டவன் முகத்தைக் காட்டினால் தம் சரக்கு விலைபோகாது என வணிகர் அஞ்சுவர். போராட்டத்திற்குப் பொருள் தந்த முகமே போராட்டத்தால் விலை குறைந்தது.

இந்நிலையில் மக்கள் மனத்தை மீட்டவருள் தலையாயவர் பால்ட்டிமோர்க் குழுவின் கால் ரிப்கன். மாற்று ஆட்களைக் கொண்டு ஆட்டந் தொடங்க முதலாளிகள் பலர் முனைந்தபோது, ஓராட்டமும் விடாது தாம் ஆடிவந்த வரிசை அறுபடக்கூடிய நிலை இருந்தும், அவர் சங்கத்தைவிட்டு விலகினாரில்லை. 1995 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடர்ந்து 2,131-ஆவது ஆட்டத்தை ஆடி, லூ கெரிக் 1939-இல் நிறுத்திய 2,130 என்னும் எல்லையைக் கடந்தார். ஆட்டம் 22 நிமிடம் நின்றது. அவர் அரங்கைச் சுற்றிவந்து மக்களோடு கைகுலுக்கினார். ஆண்டுக்கணக்காய் நாள்தோறும் பணிக்கு வந்த ஒருவரை வேலைநிறுத்தத்தின் பொருட்டு வெறுக்க அம்மக்களால் இயலவில்லை.

இதனைப் படித்த அன்று எம் சிறுபருவத்து நிகழ்ச்சியொன்று நினைவிற்கு வந்தது. எம் தந்தையார் பணிபுரிந்த பஞ்சாலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்த நாட்களில், தெருமுனை மளிகைக் கடைக்காரர் அரிசியும் பருப்பும் கடனாய்த் தந்துவந்தார். எம் அன்னையார் கூசி நின்றபோது, “அண்ணாச்சி நாணயம் எனக்குத் தெரியும், எடுத்துக்கிட்டுப் போங்கம்மா” என்றாராம். எம் தந்தையாரின் முகத்தை எவரும் புட்டி மூடியில் அச்சிட்டிலர். எனினும் அந்நாட்களில் எமக்குச் சோறிட்டது அம்முகமே.

ஆதலின் இப்பொழுது யாம் அவ்வாட்டக்காரரை எள்ளுவதில்லை. அவர்க்குச் செல்வம் மிகுதி, எம் தந்தையார்க்குக் குறைவு. ஆயினும் உரிய கூலியைக் கேட்டு நின்ற நாளில் இருவரும் பணயம் வைத்தது தம் பெயரையே. அப்பெயர் வேலைநிறுத்த நாளில் ஈட்டப்படுவதன்று. அதற்கு முன் கழிந்த வேலைநாட்களில் ஈட்டப்படுவது.