பைப்பு

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்பாவின் பேச்சு குழறல்தான். எட்டு மாதம் அப்படியே போனது. அன்று காலை, வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் லாரியின் கேபினைச் சாய்த்துவிட்டு இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தேன். வாசல் கட்டிலிலிருந்து ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பைப்பு."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "தண்ணி காலைலயே வந்துருச்சுங்க. தொட்டி ரொப்பிட்டனுங்க."

அப்பா தலையை ஆட்டினார். மறுபடியும் "பைப்பு". அம்மா போய்க் குழாயைத் திறந்து, அவருக்குச் சத்தம் கேட்கட்டும் என்று குடத்தில் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்குப் பக்கம். தெருவுக்கு நாலு லாரி நிற்கும். எங்களுடையது பத்துச் சக்கர வண்டி. அப்பா விழுந்த பிறகு, டியூ நின்றுவிடக் கூடாதே என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் ஏறும்போதுதான் வண்டி இழுக்காமல் போனது. எவ்வளவு மிதித்தாலும் கரும்புகை. சைரன் மாதிரி ஓர் ஊளை. அப்புறம் நீலப்புகை. லோடை வேறு லாரிக்கு மாற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். டர்போ போய்விட்டது.

டர்போ என்பது ஒரே தண்டில் இரண்டு காற்றாடி. இஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒன்றைச் சுற்றும். மறுமுனையில் இருப்பது வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கும். வீணாய்ப் போகிற புகையிடமே வேலை வாங்குகிற இந்த யோசனைக்கு 1905-இல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டியும் சுற்றும். அந்த வேகத்தில் தண்டு எதையும் உரசாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கும். எண்ணெய் வருவது பென்சில் தடிமனுள்ள ஒரு பைப்பில்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். வீடியோ பார்த்திருந்தேன். பட்டறைக் கூலி மிச்சமாகட்டும் என்று நானே இறங்கினேன். சூட்டில் இறுகிப்போன நான்கு நட்டுக்கும் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்துக் காலையில் கழற்றினேன். பழைய டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தால் பல் ஆடுவது மாதிரி ஆடியது. 28,000 ரூபாய்க்குப் புதுசு. புது கேஸ்கட். எண்ணெய் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டேன். பைப்பை மட்டும் வெளியே துணியால் துடைத்து அப்படியே மாட்டினேன். அது வெறும் குழாய்தானே, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

ஆறாவது நாள் அதே ஊளை.

விற்ற கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆயில் போகாம எரிஞ்சிருக்குங்க தம்பி, இதுக்கு வாரண்டி கிடையாது" என்றார்கள். வீட்டுக்கு வந்து பைப்பைக் கழற்றி ஒரு கம்பியை விட்டேன். பாதியில் நின்றது. தட்டினால் கரித்துண்டுகள் உதிர்ந்தன. அப்போதுதான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பைப்பைக் கொண்டுபோய் அவர் இடது கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சாமி," என்றார். அவ்வளவுதான் வந்தது.

சின்ன வயதில் எனக்கு எரிச்சலூட்டிய ஒன்று ஞாபகம் வந்தது. நடுராத்திரி வந்தாலும் அப்பா உடனே வண்டியை அணைக்க மாட்டார். தெருவே விழித்துக்கொள்ளும், அவர் பாட்டுக்கு இறங்கிக் கைகால் கழுவுவார். "ஓடட்டும், ரெண்டு நிமிசம்" என்பார். மேடேறி வந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, நின்ற இடத்திலேயே கருகும். எட்டு மாதமாக நான் டீக்கடைக்கு டீக்கடை மேடேறிய கையோடு சாவியைத் திருப்பியிருக்கிறேன். ஆயில் மாற்றுவதையும் அடுத்த ட்ரிப், அடுத்த ட்ரிப் என்று தள்ளியிருக்கிறேன். அந்தக் கரி நான் வைத்தது.

இரண்டாவது முறை அப்பாவை நாற்காலியில் வண்டிப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். டர்போவின் நடுப்பாகமான கோர் மட்டும் மாற்றினோம். பைப் புதுசு. ஆயிலும் ஃபில்டரும் புதுசு. பைப் முனையை ஒரு பாட்டிலில் விட்டு, டீசலை நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினேன். முதலில் குமிழி. பிறகு விட்டுவிட்டு. பிறகு நூல் அறுந்துபோகாமல் எண்ணெய் வந்தது. பாட்டிலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். 'மாட்டு' என்பதுபோல் தலையசைத்தார்.

இப்போது ராத்திரி வீடு சேர்ந்தால் நானும் உடனே அணைப்பதில்லை. ஜன்னலில் அப்பாவின் இடது கை தெரியும். மூன்று விரல். "ரெண்டு நிமிசம்னுதானே சொல்லுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் விரலை மடக்கவில்லை.