மாற்று உறுப்பு

ஒரு பொருளுக்கு மாற்றுத் தேடப் புகும்போதுதான், அப்பொருள் அதுநாள்வரை நமக்கு என்ன செய்துவந்தது என்பதே விளங்குகிறது. தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் காருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் தேடியலைந்தபோது, உடன்பிறந்தோராகிய நாங்கள் இதனை உணர்ந்தோம்.

அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. விற்றுவிடுங்கள் என்றோர் பலர். ஆனால் முழங்கால் தேய்ந்த எங்கள் அன்னையார் அதிகம் குனியாமல் ஏறி, நிமிர்ந்து அமர முடிவது அதன் உயர்ந்த இருக்கையில்தான். அவ்வண்டியே மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இருமுறை நின்றுபோயிற்று.

காயிலில் எழும் உயர் மின்னழுத்தத்தை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் நான்கு சிலிண்டர்களுக்கும் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். இன்ஜின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது நொடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். காலமறிந்து கொடுப்பதும் அதன் கடமையே. வேகம் கூடக்கூட, உள்ளிருக்கும் இரு சிறு எடைகள் ஸ்பிரிங்குகளின் பிடியை மீறி விரிந்து, தீப்பொறியை முன்கூட்டியே எழச் செய்கின்றன. அளவுக்கு மீறி முந்தினால் இன்ஜின் தட்டும். பிந்தினால் சூடேறி வலுவிழக்கும். எங்கள் கருவியிலோ தண்டு ஆடியது. ஆகவே, 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாக இருக்கவேண்டிய பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறியது. அதன் கூடும் விரிசல் கண்டிருந்ததால் பழுதுபார்க்க வழியில்லை.

கடையில் மலிவான புதுக் கருவி கிடைத்தது. வெளித்தோற்றத்தில் வேறுபாடே இல்லை. பாயிண்ட்டை நீக்கிவிட்டு மின்னணு அமைப்பைப் பொருத்தலாம் என்றான் தம்பி. அதில் தேய்மானம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் தண்டும் எடைகளும் பழுதுபட்டிருப்பின் அதனால் அவற்றைச் சீராக்க இயலாது. மேலும், அது வழியில் செயலிழந்தால் சிற்றூர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்ட்டையோ ஒரு திருப்புளியும் இடைவெளி அளக்கும் தகடும் இருந்தால் சாலையோரத்திலேயே சீர்செய்துவிடலாம்.

எங்கள் மெக்கானிக் பெரியவர் சொன்னார்: “மூடியைப் பார்த்து வாங்காதீங்க தம்பி. உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்குங்க.”

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, எங்களுடையதன் உடலில் பொறித்திருந்த அதே எண் கொண்ட ஒன்றைக் கண்டெடுத்தோம். பெரியவர் அதற்குப் புதிய புஷ் இட்டார். எடைகள் தடையின்றி விரிந்து மீளுகின்றனவா என்று பார்த்தார். ஸ்பிரிங்குகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டபின் வண்டியில் ஏற்றினார். பாயிண்ட் கிடைப்பது அரிதாகும் காலத்தில், நல்ல நிலையிலுள்ள இதே உடலில் மின்னணு அமைப்பைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதில் தம்பிக்கும் நிறைவே.

முகம் ஒத்திருப்பது எளிது. விட்டுச்சென்ற பணியை அதே காலத்தில், அதே அளவில் ஏற்றுச் செய்வதே அரிது. தந்தையார் இருந்தவரை அன்னையாரை அழைத்துச் சென்றவர் அவர். இன்று முறைவைத்து அழைத்துச் செல்கிறவர்கள் நாங்கள்.