நாய் குடித்தால் ஆறு... முகம் திருப்பினால் கடல்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஆறுமுகநேரியில் ஒரு வீட்டு வாசலில் டிவிஎஸ் எக்ஸெல் கிளம்பும் சத்தம் கேட்கிறது. அடுத்த நொடி, செவலை நிற நாட்டு நாய் ஒன்று ஓடிவந்து, வண்டியின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பெயர் மணி.

வண்டி ஓட்டுபவருக்கு வயது 67. முப்பது வருடங்களுக்கு மேல் உப்பளத்தில் உப்பு வாரியவர். உடம்பில் சர்க்கரை இருப்பதால், தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற நாள்களில் தெருவுக்குள் நடை. ஞாயிறு என்றால் ஆற்றங்கரை.

இங்கிலாந்தில் நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரமாக நடந்து, கடைசியில் ஊர் பப்பில் போய் உட்காருவது பலருக்கு விடுமுறை நாள் வழக்கம். நம்மூரில் பப்புக்குப் பதில் டீக்கடை. அவ்வளவுதான் வித்தியாசம்!

கொடிக்கால் வழியே...

ஆத்தூர் பாலத்தின் அருகே வண்டியை நிறுத்திவிட்டு நடை ஆரம்பிக்கிறது. பொதிகை மலையில் பிறந்து, ஸ்ரீவைகுண்டத்தில் கடைசி அணைக்கட்டைத் தாண்டி வரும் தாமிரபரணி, இங்கே அகலமாக, அவசரமில்லாமல் ஓடுகிறது. இந்தத் தண்ணீரில் வளரும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி மரத்தைப் பிடித்து ஏறும் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே காலையில் எப்போதும் ஈரமும் நிழலும்தான்.

பாலத்துக்குக் கீழே இறங்கியதும் மணி தண்ணீர் குடிக்கும். அதுதான் முதல் சோதனை. நாய் நக்கிக் குடித்தால் நல்ல தண்ணீர். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால், கடல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடல் நீர் மேலே ஏறாமல் இருக்க, முக்காணிக்கும் சேர்ந்தபூமங்கலத்துக்கும் இடையே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகு மணி ஆற்றுப்பக்கம் நாக்கை நீட்டுவதே இல்லை. ஆயுசு முழுக்க உப்பில் நின்றவருக்கு, உப்பைக் கண்டு ஓடும் நாயைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வந்துவிடுகிறது.

வெள்ளம் தந்த துணை

மணி, காசு கொடுத்து வாங்கிய நாய் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறும் குளமும் ஒன்றாகிவிட்டன. பாத்திகள் சேறாகின, குவித்து வைத்திருந்த உப்பு தண்ணீரோடு போனது. அத்தோடு அவரது உப்பள வேலையும் நின்றது.

வெள்ளம் வடியத் தொடங்கிய காலையில், மொட்டை மாடிப் படிக்கட்டில் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. யாரும் தேடி வரவில்லை. அன்றைக்குப் பகிர்ந்துகொண்ட ரொட்டிதான் உறவின் ஆரம்பம். வேலை போய் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவரை மறுபடி வாசலுக்கு இழுத்துவந்ததும் அந்தக் குட்டிதான்.

நகர்ந்துகொண்டே இருக்கும் முகத்துவாரம்

சுக்கிரன் தலமான சேர்ந்தபூமங்கலம் கைலாசநாதர் கோயிலைக் கடந்தால் காற்றில் கடல் வாசனை. இந்த ஆறு ஒரே இடத்தில் முடிந்ததில்லை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஒரு காலத்தில் முகத்துவாரத்தில் இருந்தது. வண்டல் சேரச் சேர, கடல் தள்ளிப் போனது. கொற்கை உள்ளூர் ஆனது. அடுத்து, மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் எழுந்தது. அதன்பின் போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர் இது.

துறைமுகத்தை இழந்த ஊர்கள் எதுவும் அழிந்துவிடவில்லை. கொற்கையில் வயல் இருக்கிறது. புன்னைக்காயலில் படகு இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு நடந்தால் கால் வலி தெரிவதில்லை.

நீங்களும் நடக்க விரும்பினால், தூத்துக்குடி – திருச்செந்தூர் பஸ்ஸில் ஆத்தூரில் இறங்கலாம். ரயிலில் வந்தால் ஆறுமுகநேரி ஸ்டேஷன். விடியற்காலையில் கிளம்புங்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரைப்பக்கம் போக வேண்டாம்.

புன்னைக்காயலில் படகுகள் கரையேறும் நேரம். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார, பெஞ்சுக்கு அடியில் மணி படுத்துக்கொள்கிறது. கடைக்காரர் கேட்காமலேயே ஒரு பொறையை உடைத்துப் போடுகிறார்.

“அண்ணாச்சி, உங்களுக்குச் சீனி போடாத டீதானே?”

“இன்னைக்கு ஒரு நாள் கருப்பட்டிக் காபி குடுமே. கருப்பட்டி சர்க்கரைக் கணக்குல வராதுல்லா?”

“அதை டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அப்புறம் தாரேன்.”

சீனி இல்லாத டீயை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள், ஆத்தூருக்கு மீன் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. முதலில் ஏறி உட்காருவது மணிதான்!